பதினொரு புத்தகங்களும் ஓர் ஊன்றுகோலும்

கேள்வி: அக்கா, எனக்கு 49 வயசு. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார், மகள் திருவனந்தபுரத்தில் படிக்கிறாள். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டேன். போன ஆவணியில் அவர் போய்விட்டார். அதிலிருந்து வீடும் மனசும் வெறிச்சென்று கிடக்கின்றன. கோயிலுக்குப் போகிறேன், அந்திக்கு விளக்கு வைக்கிறேன். கை கூப்பி நின்றால் சொல்வதற்கு ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. அந்தப் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது. ஆன்மிகப் புத்தகம் படி, சரியாகும் என்று ஆளாளுக்குச் சொன்னதில் பதினொரு புத்தகம் வாங்கிவிட்டேன். எதிலும் நாலாம் பக்கம் தாண்டவில்லை. தூக்கம் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு சிநேகிதி விடியற்காலையில் பைபிள் வாசித்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாள். அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அவள் புத்தகத்தை நான் வாசிக்கலாமா? மலையாளமும் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், பாட்டி சொல்லிக்கொடுத்தது. நான் எதைப் படிக்கட்டும்?
— பெயர் வேண்டாம், களியக்காவிளை

பதில்: முதலில் அந்தத் தூக்கத்துக்கு வருகிறேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஆறு வருஷத்தை அரைத் தூக்கமாகவே கழித்த உடம்பு உங்களுடையது. பாக்கி வைத்த தூக்கத்தை இப்போது கேட்கிறது, கொடுத்துவிடுங்கள். அதில் பக்திக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் பகலிலும் எழுந்திருக்க மனமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் அதற்குப் புத்தகம் மருந்தாகாது. ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளமாட்டார்.

சரி, புத்தகம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். உபநிஷத விளக்கம் ஒன்று, தலையணை கனம். மகான்களின் வரலாறு மூன்று. நாற்பத்தெட்டே நாளில் மனசை அடக்கித் தருவதாக அட்டையிலேயே வாக்குக் கொடுக்கும் புத்தகங்கள் இரண்டு (விலையும் அதற்குத்தான் அதிகமாக இருந்திருக்கும்). மிச்சம், கோயில் வரலாறும் தியானமும் தத்துவமும். நல்ல புத்தகங்களும் இதில் உண்டு. ஆனால் பதினொன்றும் கடவுளைப் பற்றிப் பேசுபவை. உங்கள் கஷ்டம் வேறு. கை கூப்பினால் பேச்சு வரவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அவரிடம் பேசியவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று பார்ப்பதுதான் வழி. "அவர்" என்று எழுதியதையெல்லாம் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். "நீ" என்றும் "நீர்" என்றும் கூப்பிட்டு எழுதியதை எடுங்கள்.

அதற்குத் தமிழில் பஞ்சமே இல்லை. அதிலும் தேவாரம் பாடிய சுந்தரரை உங்களுக்கு முதலில் சொல்வேன்.

திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கல்யாணம் செய்யும்போது, உன்னைப் பிரியமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்து கொடுத்தார். வசந்த காலம் வந்தது, திருவாரூர் ஞாபகம் வந்தது, கிளம்பிவிட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. தட்டுத் தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, சிவன் கோயில் முன்னால் நின்று, உள்ளே இருக்கிறீரா என்று கேட்டார். வந்த பதில்: "உளோம், போகீர்." இருக்கிறோம், நீர் போம். அவ்வளவுதான். கண் வரவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது.

அந்தப் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. சொந்தத் தோழன் என்று சிவனே கொண்டாடியவருக்கே கிடைத்தது இரண்டு சொல்லும் ஒரு கோலும். சுந்தரர் அந்தக் கோலை வீசிவிட்டுப் போகவில்லை. ஊன்றிக்கொண்டு நடந்தார், திட்டிக்கொண்டே நடந்தார். காஞ்சியில் ஒரு கண் வந்தது. மற்றொரு கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று பாடியதுதான் "மீளா அடிமை" என்று தொடங்கும் பதிகம். உமக்கே ஆளானவர்கள் வாடிப்போய் வந்து துன்பத்தைச் சொன்ன பிறகும் நீர் சும்மா இருப்பீரானால், நீரே நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்றுதான் முடிகிறது. மனம் நொந்துபோன ஒரு தாய் மகனைப் பார்த்து "நீ நல்லா இருப்பா" என்பாளே, அந்தத் தொனி. ஊரறிய என் கண்ணைப் பறித்தீர், பழி உமக்குத்தான் என்றும் ஓர் இடத்தில் சொல்கிறார். இந்தச் சண்டையை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்துப் பூப்போட்டுக் கும்பிடுகிறோம்.

இந்தச் சுந்தரர் கடைசியில் வந்து சேர்ந்தது உங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம். சேரமான் பெருமாளின் ஊர், கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களம். அங்கிருந்துதான் வெள்ளை யானை ஏறிக் கயிலைக்குப் போனார் என்கிறது பெரியபுராணம். தேவாரம் பெற்ற கோயில் கேரளத்தில் அது ஒன்றுதான். மகளைப் பார்க்கப் போகிற சாக்கில் ஒரு தடவை இன்னும் கொஞ்சம் வடக்கே போய்விட்டு வரலாம்.

அவர் பாடியதில் நூறு பதிகங்கள் இருக்கின்றன. நூறையும் தொடாதீர்கள். வெண்பாக்கத்துப் பதிகம், ஆரூர்ப் பதிகம், "பித்தா" என்று கூப்பிட்டுத் தொடங்கும் முதல் பதிகம், இந்த மூன்று போதும்.

கோபம் உங்களுக்கு வராது என்றால் மாணிக்கவாசகர். திருவாசகம் வைத்திருக்கும் பல வீடுகளில் சிவபுராணத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். உள்ளே "நீத்தல் விண்ணப்பம்" என்று ஐம்பது பாட்டு இருக்கிறது. விஷயம் ஒன்றே ஒன்றுதான்: என்னை விட்டுவிடாதே. "விட்டிடுதி கண்டாய்" என்று திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார். நல்லவன் என்பதால் விடாதே என்று கேட்கவில்லை. நான் இன்ன இன்ன தப்புச் செய்தவன், அப்படியும் விடாதே என்று கேட்கிறார். மாமியார் போன பிறகு, இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாமோ என்று ராத்திரியில் உங்களுக்குத் தோன்றியிருக்கும். நீங்கள் அதை எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். தோன்றியிருந்தால் இந்த ஐம்பது பாட்டு அதற்குத்தான்.

எந்தப் பதிப்பை வாங்குவது என்பது முக்கியம். எனக்கு ஓர் அசட்டு அனுபவம் உண்டு. திருமுறை மொத்தத்தையும் தவணையில் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்தேன். வருகிறவர்கள் பார்த்து "அடேயப்பா" என்பார்கள். ஏழு வருஷத்தில் நான் பிரித்தது ஒரே ஒரு தொகுதி. சொல்லெல்லாம் சந்தி சேர்ந்து ரயில்பெட்டி மாதிரி நீளும். ஒரு வரி முடிவதற்குள் மூச்சு முட்டும். பிறகுதான் ஓர் ஓதுவார், "பதம் பிரித்த பதிப்பு வாங்குங்கம்மா, பெரிய எழுத்தா பாருங்க" என்றார். அந்த ஒரு யோசனை அலமாரி முழுவதற்கும் சமம். அடியில் பொழிப்புரை இருந்தால் நல்லது. ஆனால் பாட்டை மூன்று தடவை வாய்விட்டுச் சொன்ன பிறகு உரையைப் பாருங்கள், முன்னால் வேண்டாம்.

வாய்விட்டு என்பதில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன். இவையெல்லாம் பாடுவதற்காகப் பிறந்தவை. கட்டிலில் சாய்ந்து கண்ணால் மேய்ந்தால் தூக்கம்தான் வரும். விளக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்டையைத் திறந்து, ஒரு பாட்டு. ராகம் வேண்டாம். மறுநாளும் அதே பாட்டு. ஒரே பாட்டா, அலுக்காதா என்று கேட்பீர்கள். மஸ்கட்டிலிருந்து தினமும் ராத்திரி அவர் உங்களிடம் என்ன கேட்கிறார்? "சாப்பிட்டியா?" என்றுதானே. அதில் புதிதாக என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி வராத ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு மாதம் போனபின், பாட்டு முடிந்ததும் சொந்தமாக ஒரு வரி சேருங்கள். களியக்காவிளைப் பேச்சிலேயே இருக்கட்டும். ஆறு வருஷம் பார்த்தேனே, நீர் ஒரு வார்த்தை சொன்னீரா என்று கேட்டால்கூடப் போதும். சுந்தரர் முன்னமே கேட்டு வைத்திருக்கிறார், பயப்பட வேண்டாம்.

பெருமாள் கோயிலுக்குப் போகிறவர் என்றால் பக்கத்துத் திருவட்டாறுக்கே நம்மாழ்வார் பதினொரு பாட்டு பாடிக் கொடுத்திருக்கிறார், திருவாய்மொழி பத்தாம் பத்தில். 418 வருஷத்துக்குப் பிறகு 2022-இல் கும்பாபிஷேகம் நடந்ததே, அதே ஆதிகேசவன். தன் நெஞ்சையே கூப்பிட்டு, மயக்கத்தை விடு, வாட்டாற்றான் அடியை வணங்கு என்கிறார். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய், அந்த நீளப் பிராகாரத்தில் ஒரு தூணடியில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள்.

பாட்டி தந்த மலையாளத்தை வீணாக்காதீர்கள். நாராயண குருவின் "தைவதசகம்" பத்தே பாட்டு, 1914-இல் எழுதியது. எழுத்துக்கூட்டி வாசித்தாலும் ஐந்து நிமிஷம். முதல் பாட்டிலேயே, நீ மாலுமி, உன் பாதம்தான் இந்தப் பிறவிக் கடலைத் தாண்டும் நீராவிக் கப்பல் என்கிறார். தோணி என்று மட்டும் சொல்லியிருந்தால் பழைய உவமை. அவர் காலத்துக் கடலில் ஓடிய ஆவிக்கப்பலையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சோறும் துணியும் குறைவில்லாமல் தந்து காப்பவன் நீ என்று கூச்சப்படாமல் சொல்லும் பிரார்த்தனை அது. குருவுக்குத் தமிழும் நன்றாக வரும். நம் மருந்துவாழ்மலைக் குகையில் தவம் இருந்தவர்தானே.

இன்னொன்று பூந்தானம் நம்பூதிரியின் "ஞானப்பான". பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் எழுதியதாகச் சொல்வார்கள். சமஸ்கிருதப் பண்டிதர் மேல்பத்தூர் அவருடைய மலையாளப் பாட்டைப் பார்க்க மறுத்தாராம். உன் விபக்தியைவிட அவன் பக்திதான் எனக்குப் பிரியம் என்று குருவாயூரப்பன் சொன்னதாகக் கதை. விபக்தி என்றால் வேற்றுமை உருபு, இலக்கணம். பொருள் முழுசாகப் புரியவில்லையே என்று நாலாம் பக்கத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இந்தக் கதை பெரிய ஆறுதல்.

சிநேகிதியின் பைபிள்? தாராளமாக வாசிக்கலாம். ஆனால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் சீக்கிரமே வம்ச வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். நடுவில் இருக்கும் சங்கீதங்களைக் கேளுங்கள். மொத்தம் 150. என்னை ஏன் கைவிட்டீர் என்று தொடங்கும் 22-ஆம் சங்கீதமும், கடைசி வரிவரை வெளிச்சமே வராமல் இருட்டிலேயே முடியும் 88-ஆம் சங்கீதமும் உங்கள் இப்போதைய மனசுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. எல்லா மதமும் ஒன்றுதான் என்று மழுப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. அவள் கர்த்தர் அவளுக்கு, உங்கள் சாமி உங்களுக்கு. ஆனால் சுந்தரரைப் படித்த காதுக்கு 88-ஆம் சங்கீதம் அந்நியமாக இருக்காது. முடிந்தால் புத்தகத்தை இரவல் வாங்காதீர்கள். ஒருநாள் விடியற்காலையில் அவள் வாசிக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். பொறாமை அங்கேயே பாதி கரைந்துவிடும். தக்கலையில் சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டு விழாவில் கூடிப் பாடுவதையும் ஒரு தடவை கேளுங்கள். அதுவும் தமிழ்தான், அதுவும் முறையீடுதான்.

ரமணரை ஏன் சொல்லவில்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். "நான் யார்?" சின்னப் புத்தகம், பெரிய புத்தகம். ஆனால் அது "நீ" என்று கூப்பிடுவதில்லை, "நான்" என்பதைத் தோண்டுகிறது. வெறிச்சோடிய வீட்டில் இருப்பவரிடம் இப்போதே அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம். அவரே வேண்டும் என்றால், அருணாசலத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாடிய அட்சரமணமாலை இருக்கிறது.

அப்புறம் அந்தப் பதினொரு புத்தகம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து, கம்பர் பூஜித்தது என்று சொல்லும் சரஸ்வதி, உங்கள் ஊர் வழியாகத்தானே திருவனந்தபுரம் போகிறாள்? பூஜைக்கு வைத்த புத்தகத்தை எடுக்கிற நாள்வரை தொடமாட்டோம், படிக்கவில்லையே என்று வருத்தப்படவும் மாட்டோம். இவற்றையும் பூஜையில் வைத்ததாக நினைத்து ஒரு துணியில் கட்டி வையுங்கள். நாற்பத்தெட்டு நாள் புத்தகங்கள் இரண்டையும் மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம்.

நாகர்கோவிலில் பதம் பிரித்த சுந்தரர் தேவாரம் கிடைக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள் மக்களே. என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று புதுசு. மற்றதில் விளக்கெண்ணெய்க் கறை. எடுத்தால் "மீளா அடிமை" பக்கம் தானாக விரியும். அதையே அனுப்புகிறேன்.