ஷோகேஸ் கண்ணாடிக்குக் காடி எடுக்கும்போது பிட் ஏன் உடைகிறது?

மேலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய வீட்டுத் தேக்கை அறுத்து ஷோகேஸ் செய்கிறேன். தள்ளித் திறக்கிற கதவு, கண்ணாடி 4 மி.மீ. சட்டத்தில் காடி (கண்ணாடி ஓடுகிற நீளப் பள்ளம்) எடுக்க டிரிம்மரில் (கையில் பிடித்து மரம் குடைகிற மெஷின்) பிட் (சுழன்று வெட்டுகிற முனை) போட்டால் படக்கென்று உடைகிறது. மார்பிள் கட்டரும் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

ஒரே இழுப்பில் முழு ஆழத்தையும் எடுக்கப் பார்த்திருப்பீர்கள். ஒடுங்கிய காடியில் தூள் வெளியேற வழியில்லாமல் பிட்டைச் சுற்றி அடைத்துச் சூடேறும், போதாக்குறைக்குத் தேக்கில் இருக்கிற சிலிக்கா முனையை மழுக்கிவிடும், அப்புறம் நீங்கள் அழுத்தித் தள்ள, பிட் போய்விடும்.

4 மி.மீ. கண்ணாடி தாராளமாக ஓட 5 மி.மீ. காடி வேண்டும். முதலில் பழைய மரத்தில் காந்தம் வைத்துத் தடவி ஆணி இருக்கிறதா பாருங்கள். அடுத்து மார்பிள் கட்டரில் கார்பைடு பல் வைத்த மர பிளேடு மாட்டி, காடியின் நடுவில் ஒரு வெட்டு போட்டுவிடுங்கள். கல் அறுக்கிற டைமண்ட் பிளேடு மரத்தைக் கருக்கத்தான் செய்யும். ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுகிற பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், சிக்கினால் கையைவிட்டுத் துள்ளும்.

நடுவில் வெட்டு விழுந்தபின் டிரிம்மரில் 5 மி.மீ. நேர் பிட் போட்டு, ஒரு தடவைக்கு 2 மி.மீ. ஆழம் என்று இறக்கி இறக்கி எடுங்கள். நேரான ரீப்பர் (ஒல்லியான மரக் கட்டை) ஒன்றைச் சட்டத்தின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை டிரிம்மருக்கு இடப்பக்கம் வைத்து முன்னோக்கித் தள்ளுங்கள். பிட் சுற்றுகிற திசையே மெஷினை ரீப்பரோடு ஒட்டவைக்கும். வலப்பக்கம் வைத்தால் விலகி ஓடும், காடி கோணலாகும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், தேக்குத் தூள் லேசுப்பட்டதல்ல.

ஆழம்தான் பலர் கோட்டை விடுகிற இடம். கீழ்க் காடி 5 மி.மீ., மேல்காடி 11 மி.மீ. இரு சட்டத்துக்கும் நடுவில் உள்ள உயரத்தோடு 9 மி.மீ. கூட்டிக் கண்ணாடி வெட்டச் சொல்லுங்கள். மேலே ஏற்றினால் கீழ்ச் சட்டத்தைத் தாண்டி உள்ளே வரும், இறக்கினால் மேலே 4 மி.மீ. பிடிப்பில் நிற்கும். இரண்டும் ஒரே ஆழம் என்றால் ஒன்று கண்ணாடி ஏறாது, இல்லை ஏறியது கழன்று விழும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும், அதனால் 5 மி.மீ.-யைக் குறைக்காதீர்கள். கண்ணாடி விளிம்பைக் கடையிலேயே மழுக்கி வாங்குங்கள். காடிக்குள் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் போதும், எண்ணெய் விட்டால் தூசி பிடித்துக் கெட்டியாகிவிடும்.