பரிணாமத்தைக் கணக்காகப் படிக்க ஆசைப்படும் மகள்: ஒரு அம்மாவுக்குப் பதில்

அம்மா, பயோ-மேத்ஸ் குரூப்பில் நன்றாகப் படிக்கும் பெண் திடீரென்று நீட் வேண்டாம், இயற்கைத் தேர்வை (சூழலுக்கு ஏற்ற உயிர்களே பிழைத்துப் பெருகுவதை) கணிதத்தால் ஆராயப் போகிறேன் என்றால் வீட்டில் பதற்றம் வரத்தான் செய்யும். ஆனால் அவள் கேட்பது நூறு வருடப் பழமையுள்ள துறை. அதற்கு அடித்தளம் போட்ட மூவரில் ஒருவரான ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டு வந்து கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில்தான் சேர்ந்தார்.

அதில் என்ன படிப்பாள் என்று கேட்டிருந்தீர்கள். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952-லேயே கண்டறியப்பட்ட அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணமான அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால் இந்த ரத்த நோய், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இரண்டும் வந்த குழந்தை பிழைக்காது, ஒன்றுமே வராதவர்களுக்கு மலேரியாவால் 10 சதவீத இழப்பு என்று வைத்துக்கொண்டால், 0.1-ஐ, இரண்டு இழப்புகளின் கூட்டான (1 + 0.1) 1.1-ஆல் வகுக்க வேண்டியதுதான்: அந்த அல்லீல் அழியாமல் சுமார் 9 சதவீதத்தில் நிலைத்துவிடும். மரபணு மறுசேர்க்கைக்கும் (முட்டையும் விந்தும் உருவாகும்போது டி.என்.ஏ. துண்டுகள் இடம் மாறிக் கலப்பதற்கும்) இப்படிக் கணக்கு உண்டு. இரண்டு மரபணுக்களுக்கு இடையே மறுசேர்க்கை விகிதம் 0.01 என்றால் அவை சேர்ந்தே வரும் தொடர்பு பாதியாகக் குறைய ஏறக்குறைய 69 தலைமுறை ஆகும். இந்தத் தொடர்பு சீக்கிரம் கலைவதில்லை என்பதால்தான், கன்றுக்குட்டியின் டி.என்.ஏ.வைப் பார்த்தே பிற்காலத்தில் எவ்வளவு பால் தரும் என்று கணிக்க முடிகிறது.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன், பட்டம் வாங்கிய கையோடு சம்பளம் கிடைக்கும் வழி இது இல்லை. ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த பி.எஸ்.-எம்.எஸ். ஐந்து வருடம், அப்புறம் பிஎச்.டி. இன்னும் ஐந்தாறு வருடம், ஆனால் பிஎச்.டி. காலத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு (ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்). பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அதனால்தான் நிகழ்தகவு, புள்ளியியல், பைத்தான் (கணினி நிரல் மொழி) மூன்றையும் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன், விதை நிறுவனமோ மரபணுத் தரவு நிறுவனமோ மருந்து ஆராய்ச்சியோ, எங்கே போனாலும் கேட்பது அதைத்தான்.

ஐசர் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்குக்கும் சம எடை, அவள் குரூப்புக்குச் சரியாகப் பொருந்தும். கணிதத்தில்தான் அதிக ஈர்ப்பு என்றால் மேலே சொன்ன கொல்கத்தா நிறுவனத்தின் புள்ளியியல் பட்டப்படிப்பான பி.ஸ்டாட். நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். நீட்டுக்குப் பணம் கட்டியிருந்தால் அதையும் எழுதட்டும், சண்டை வேண்டாம்.

இந்த வாரமே அவளிடம் மேலே சொன்ன 10 சதவீதத்தை 20 ஆக்கி, நூறு தலைமுறைக்கு ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முடித்ததும் என்ன கேள்வி கேட்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள், எந்தக் கல்லூரி என்பதை அதை வைத்துப் பேசலாம்.