கொல்கத்தாவில் மீன் வாங்குவது – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. வங்கி வேலையில் மாற்றலாகி கொல்கத்தா வந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் நான்கு மாதத்தில் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இடம் என்று கணக்கு வைத்து விக்டோரியா நினைவகம், இந்திய அருங்காட்சியகம், ஜொராசாங்கோ தாகூர் வீடு, காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ் எல்லாம் பார்த்துவிட்டேன். காபி சுமார்தான். சிலை செய்கிற குமார்துலியில் மட்டும் 200 படம் எடுத்திருக்கிறேன். பிரியாணியில் ஏன் உருளைக்கிழங்கு போடுகிறார்கள் என்று புரியவில்லை. வங்காளி மொழி வரவில்லை, போனில் மொழிபெயர்க்கிற ஆப்பை வைத்துச் சமாளிக்கிறேன். இவ்வளவு சுற்றியும் இந்த ஊர் மனதில் ஒட்டவே இல்லை. வங்காளிகள் தங்கள் கலாச்சாரத்தைப் பற்றி அதிகமாகப் பெருமை பேசுகிறார்களோ என்றும் தோன்றுகிறது. நீங்கள் அங்கே இருந்ததாக எழுதியிருந்தீர்கள். படிக்க வேண்டிய புத்தகங்கள், பார்க்க வேண்டிய நாடகங்கள், நல்ல சாப்பாட்டுக் கடைகள் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்ததற்கு முந்தின நாள்தான் இங்கே மீன் கடையில் ஒன்று நடந்தது. ஐஸ் பெட்டிக்கு மேலே ஒரு அட்டையில் 'ஹில்சா' என்று எழுதி வைத்திருந்தார்கள். கடைப் பையனிடம், இதுக்குத் தமிழ்ல என்ன பேருப்பா என்று கேட்டேன். "இதுதாங்க்கா பேரு" என்றான். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கொல்கத்தாவிலிருந்து உங்கள் கடிதம். இல்லையென்றால் பட்டியல் கேட்டு வருகிற கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

பட்டியல் தரமாட்டேன். காபி ஹவுஸ் காபியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 1942ல் காபி போர்டு அங்கே கடை திறந்தது, இப்போது தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள். அங்கே காபி என்பது நாற்காலிக்கு வாடகை. ஒரு 'இன்ஃபியூஷன்', அதாவது பால் இல்லாத காபி, சொல்லிவிட்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்து பேசலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். உருளைக்கிழங்குக்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். லக்னோ நவாப் வாஜித் அலி ஷா நாட்டை இழந்து 1856ல் கல்கத்தாவின் மெட்டியாபுருஸில் வந்து குடியேறினார் என்பது வரை எல்லாரும் ஒன்றாகச் சொல்வார்கள், கிழங்கு எப்படி வந்தது என்பதில் பிரிந்துவிடுவார்கள். பிரியாணி தேக்சா பக்கத்தில் நிற்கிறவரைக் கேளுங்கள். பெருமை பேசுகிறார்கள் என்கிறீர்கள். பேசட்டும், நாம் பேசாததா?

ஆனால் அந்த ஆப் விஷயத்தை விடமாட்டேன். தம்பி, ஒரு மனிதரின் முகத்துக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவில் எட்டு மாதமாக ஒரு போனை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, ஊர் ஒட்டவில்லை என்கிறீர்கள். எப்படி ஒட்டும்? அவர் உங்களைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துப் பேசினார். நீங்களும் அவரைப் பார்க்கவில்லை, திரையில் வரும் எழுத்தைப் பார்த்தீர்கள். தப்பும் தவறுமாக நாலு வார்த்தை பேசியிருந்தால் அவர் சிரித்திருப்பார், திருத்தியிருப்பார். திருத்துகிறவருக்கு உங்கள் மேல் ஒரு உரிமை வந்துவிடும். அந்த உரிமையைத்தான் நீங்கள் அங்கே ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

குமார்துலியில் 200 படம் எடுத்தீர்களே, ஒருவரிடமாவது ஒரு கேள்வி கேட்டீர்களா? மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி அம்மனுக்கு உடம்பு செய்வார்கள். அதன்மேல் முதலில் உமி கலந்த ஒட்டுக்களிமண், அது காய்ந்ததும் நைசான மண். வெடித்த இடத்தில் சேற்றில் தோய்த்த துணியை ஒட்டுவார்கள். முகம் தனியாக அச்சில் வரும். விரல்களைத் தனித்தனியாக உருட்டிச் செய்து கையில் பொருத்துவார்கள். நான் போனபோது ஒரு பெரியவர் விரல் உருட்டிக்கொண்டிருந்தார். இது எந்த விரல் என்று மட்டும்தான் கேட்டேன். கையை நிறுத்தாமல் ஒரு மணிநேரம் பேசினார். அம்மனின் கிரீடத்துக்கு 'ஷோலா' என்று வெள்ளையாக ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் நம் தஞ்சாவூர் நெட்டி. எங்கள் ஊரில் இதில் கோயில் கோபுரம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள் என்று சொன்னேன். அதுவரை தலையைத் தூக்காதவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இங்கே என்ன விசேஷம், என்ன ஃபேமஸ் என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் கிடைக்கும். கையில் இருக்கிற வேலையைப் பற்றிக் கேளுங்கள். அப்புறம், நீங்களும் ஏதாவது சொல்லுங்கள். இதை நான் தெரிந்துகொண்டது மீன்காரர் ஒருவரிடம். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1988லிருந்து 1990 வரை லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். அப்போது அது கல்கத்தா. தமிழர்கள் நிறைய இருக்கிற பகுதி, கறிவேப்பிலை, மல்லிகைச்சரம், காப்பிப்பொடி எல்லாம் கிடைக்கும். அதனாலேயே முதல் ஏழெட்டு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. மீன் கடையில் விரலை நீட்டுவேன், காசைக் கொடுப்பேன், வந்துவிடுவேன். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்று கூச்சம். உங்களைத் திட்டுகிற உரிமை எனக்கு அதனால்தான் இருக்கிறது.

நான் வாங்குகிற மீன்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். சிமெண்டு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு போண்டி, அதாவது நம் அரிவாள்மணைதான், ஆனால் முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். பலகையை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, மீனை இரண்டு கையாலும் பிடித்து அலகில் வைத்துத் தள்ளுவார். அலகு அசையாது, மீன்தான் போகும். முதுகுத் துண்டு 'காதா', வயிற்றுத் துண்டு 'பேட்டி', இரண்டும் தனித்தனிக் குவியலாக விழும்.

ஆடி மாதம் மாதிரி ஒரு நாள். குடை பிடிக்கவும் வேண்டாம், பிடிக்காமல் இருக்கவும் முடியாது என்கிற பொடித் தூறல். மேடை முழுக்க இலிஷ் மீன், அதாவது இங்கே அட்டையில் எழுதியிருந்த ஹில்சா. நான் வழக்கம்போல விரலை நீட்டினேன். அவர் மீனைக் கழுவிவிட்டு வெட்டினார். வெட்டிய துண்டுகளைக் கழுவாமல் அப்படியே கட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. ரத்தம் இருக்கிறதே, கழுவிக் கொடுங்கள் என்று கையாலும் பாதி வங்காளியாலும் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்! "பௌதி, துண்டு போட்டப்புறம் இலிஷைக் கழுவினால் ருசி தண்ணியோடு போய்விடும்." பௌதி என்றால் அண்ணி. கடைத்தெருவில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் பௌதி, ஆண்கள் எல்லாரும் தாதா, அண்ணன். எப்படிச் சமைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். வெங்காயம், பூண்டு, புளி என்று ஆரம்பித்தேன். மீனைக் கீழே வைத்துவிட்டார்.

வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, இஞ்சி கூடாது. கருஞ்சீரகம், பச்சைமிளகாய், இல்லையென்றால் கடுகு அரைத்து விடு. பொரித்தால் மீனிலிருந்து எண்ணெய் இறங்கும், அதைக் கொட்டிவிடாதே, சுடுசோற்றில் ஊற்றி உப்பும் பச்சைமிளகாயும் வைத்துச் சாப்பிடு. பின்னால் நின்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கடுகில் கொஞ்சம் சர்க்கரை என்றார், இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அந்தத் தூறலுக்கே 'இல்ஷேகுரி' என்று பெயர், இலிஷ் தூறல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கால்பந்தில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பதும் அன்றைக்குத்தான். மீன் வாங்க முக்கால் மணிநேரம் ஆனது.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாயியிடம் இதையெல்லாம் சொன்னேன். வெள்ளியாய் மின்னும், வயிறு புடைத்திருக்கும், உள்ளே சினை, சதை முழுக்க மயிர் மாதிரி முள். கடலில் இருந்துகொண்டு மழைக்கு ஆற்றில் ஏறும். அப்பாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அது உல்லம்டி" என்றார். அவர் பிறந்தது அணைக்கரைக்குக் கீழே, கொள்ளிடக் கரையில். சின்ன வயதில் புதுத்தண்ணீர் வந்தால் உல்லம் வருமாம். முள் எடுத்து ஊட்டுவதற்கென்றே வீட்டில் ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாளாம். "மேட்டூர் கட்டினப்புறம் வெள்ளமும் குறைஞ்சு போச்சு, அதுவும் வரல." மேட்டூர் அணை 1934. எனக்கு இருபத்தேழு வயது வரை அப்பாயி அந்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

திரும்பிப் போனதும் மீன்காரரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பரபரப்பாக இருந்தது. என்னிடம் இருந்த வங்காளியில் அணை என்பதற்கு வார்த்தை இல்லை. மேடையில் ஓடிய தண்ணீரில் கையைக் குறுக்கே வைத்துக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார். "தார்பொர்?" என்றார். நம் 'அப்புறம்?' இருக்கிறதே, அதே சொல், அதே தொனி. அப்பாயி சொன்னதைச் சொன்னேன். "தார்பொர்?" முள் எடுக்கிற கிழவியைச் சொன்னேன். "தார்பொர்?" வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவர் ஒரு கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு, நீ சொல் என்பதுபோல் என்னைப் பார்த்தார். அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷத்தில், என் ஊரைப் பற்றி யாரோ ஒருவர் தெரிந்துகொள்ள விரும்பியது அதுதான் முதல் தடவை. காரணம் எளிது. அதற்கு முன்னால் நான் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை.

நான் முடித்ததும் அவர் ஃபராக்கா என்றார். கங்கையின் குறுக்கே கட்டிய அணைக்கட்டு, 1975ல் திறந்தது. அதற்கு முன்னால் இலிஷ் அலகாபாத் வரை ஏறிப் போகும் என்றார். அவர் அப்பா பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்துப் பாரிசாலிலிருந்து வந்தவர். அந்த அப்பாவைப் பொறுத்தவரை பத்மா நதி மீன்தான் மீன், கங்கை மீனை விற்றாரே தவிரக் கடைசி வரை வாயில் வைக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது மீன்காரர் துண்டால் அலகைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் கல்கத்தா எனக்கு வேறு ஊராகிவிட்டது. அவர் சொல்லித்தான் எதிர் வரிசைக் காய்கறி மாஷி பேசினாள், மாஷி என்றால் சித்தி. மாஷி சொல்லித்தான், வடக்குக் கல்கத்தா பழைய வீடுகளின் வாசலில் இருக்கிற 'ரொக்' பார்க்கப் போனேன். அசல் நம் திண்ணை. சாயந்திரம் அதில் உட்கார்ந்து கால்பந்திலிருந்து கட்சி வரை பேசுவார்கள். அதுதான் அட்டா, வெட்டிப் பேச்சு என்று நாம் ஒதுக்குவதற்கு அவர்கள் வைத்திருக்கிற மரியாதையான பெயர்.

நீங்கள் எட்டு மாதமாக அந்த ஊரைப் பார்த்திருக்கிறீர்கள். தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், அவர் வீட்டில் இப்படி, அவர் கடலில் இப்படி என்று கொல்கத்தாவில் யாருக்காவது தெரியுமா? டீக்கடைக்காரருக்கு? உங்கள் வீட்டுக்காரருக்கு? ஒருவருக்கும் தெரியாது என்றால் அந்த ஊர் எதைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் ஒட்டும்? கோபமாகத்தான் கேட்கிறேன். என் ஏழெட்டு மாதம் போனது போனதுதான். உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் டேமர் லேனில், சந்தீப் தத்தா என்பவர் 1978ல் தன் வீட்டிலேயே சிற்றிதழ்களுக்காக ஒரு நூலகம் ஆரம்பித்தார். 2023ல் காலமாகிவிட்டார். சிற்றிதழ்களுக்கென்று ஒருவர் தன் வீட்டைக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காகவாவது அந்தத் தெருவைத் தேடிப் போங்கள். நாடகத்துக்கு ரவீந்திர சதன் பக்கம் அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வாசலுக்குப் போங்கள், பெரும்பாலும் ஏதாவது நடக்கும். இடைவேளையில் மண்குவளை டீயோடு நிற்கிறவர்களிடம், எனக்குக் கதை பாதிதான் புரிந்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். மீதியைச் சொல்ல நாலு பேர் வருவார்கள்.

துர்கா பூஜை வருவதற்குள் குமார்துலிக்கு இன்னொரு தடவை போங்கள், கேமரா இல்லாமல். மகாளயத்தன்று கண் வரைவார்கள். அதற்கு முன்னால், மழை இருக்கும்போதே ஏதாவது ஒரு மார்க்கெட்டில் ஒரே மீன்காரரிடம் நாலு வாரம் தொடர்ந்து வாங்குங்கள். விடியற்காலை போங்கள், ஆபீஸ் போகிற கூட்டம் வந்துவிட்டால் அவரால் பேச முடியாது.

மீன் சாப்பிடுவீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை, நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போகிறேன். சாப்பிடுவீர்கள் என்றால், உங்கள் வீட்டில் சீலாவை எப்படி வெட்டுவார்கள், எதை வைத்துக் குழம்பு கூட்டுவார்கள்? அவரிடம் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள்.