ஊசி போடாத டொக்டர்

கேள்வி: வயல் வேலை முடித்து வந்தால் எங்கள் அம்மம்மாவுக்கு மேலெல்லாம் நோ. பிரைவேட்டில் ஒரு ஊசி போட்டால் அன்றைக்கே எழும்பி நடக்கிறா. அரசாங்க ஆஸ்பத்திரியில் பனடோல்தான் தருகிறார்கள். ஊசி கேட்பது பிழையா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: கேட்பதில் பிழையில்லை பிள்ளை, அதுக்குள்ள என்ன மருந்து என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். மேல்நோவுக்குப் போடுவது பெரும்பாலும் டைக்ளோபெனாக். அது குளிசையாகவும் இருக்கிறது, வேலை செய்யக் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். ஊசியோ குளிசையோ, வயது போனவர்களின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பதம் பார்க்கும், அம்மம்மா பிரஷர் குளிசையும் போடுகிறவ என்றால் இன்னும் கவனம். பின்பக்கத்தில் இடம் மாறிக் குத்தினால் நரம்பில் பட்டு, காலை இழுத்து நடக்கும்படி ஆனவர்களும் உண்டு.

எனக்கு அதைவிடப் பயம் மாரிக்காய்ச்சல். டெங்கு என்று தெரியாமல் முதல் நாளே டைக்ளோபெனாக் போட்டால் இரத்தக்கசிவு கூடலாம், இரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைந்திருக்கிற நேரம் தசைக்குள் குத்தின இடமே உள்ளே இரத்தம் கட்டி வீங்கும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் (பனடோல்தான்) மட்டும், அதுவும் நிறைக்கேற்ற அளவு. அந்த 'வெறும் பனடோல்' தந்த டொக்டரைத் திட்டாதீர்கள்.

வயல்காரருக்கு இன்னொன்று. எலிக்காய்ச்சல் வராமலிருக்க பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தருகிற டொக்சிசைக்கிளின் குளிசை பல வீடுகளில் சாமித்தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் உறையும் பிரிக்காமல் கிடக்கும், கேட்டால் 'குளிசைதானே' என்பார்கள். அதுவே ஊசி என்றால் வரிசையில் நின்று போட்டிருப்பார்கள்!

பாம்புக்கடி, விசர்நாய்க்கடி, இன்சுலின், பிள்ளைகளின் தடுப்பூசி, வாயால் எதுவும் தங்காத சத்தி: இதுகளுக்கு ஊசி வேண்டும்தான். அங்கே தயங்க வேண்டாம்.

கேள்வி: நான் வன்னியில் சின்னக் கிளினிக் வைத்திருக்கும் டொக்டர். ஊசி தேவையில்லை என்று தெரியும், ஆனால் போடாவிட்டால் சனம் அடுத்த சந்திக்குப் போய்விடும். என்ன செய்ய?
- பெயர் வேண்டாம், மாங்குளம் பக்கம்

பதில்: சனம் ஊசிதான் கேட்கிறது என்று யார் சொன்னது? 1990களில் இந்தோனேசியாவில் மருந்து எழுதுகிறவர்கள் ஆறு பேரையும் நோயாளிகள் ஆறு பேரையும் ஒன்றாக இருத்திக் கதைக்கவிட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் ஊசிக்காகத்தான் வருகிறார்கள் என்று எழுதுகிறவர்கள் நினைத்திருந்தார்கள், எதிரே இருந்தவர்களோ அப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அங்கே நூற்றுக்கு 70 அளவில் இருந்த ஊசி 42 அளவுக்கு இறங்கியது. வகுப்பெடுத்து வந்த மாற்றம் இல்லை, முகத்துக்கு முகம் கதைத்ததில் வந்தது.

ஊசிக்கென்று தனிக்காசு எடுக்கிறீர்களா டொக்டர்? எடுத்தால் முதலில் அதை விடுங்கள், பார்க்கிறதுக்கு ஒரே கட்டணம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்தது ஊசிக்கு, நீங்கள் சொன்னது சும்மா கதை என்றுதான் ஆகும். ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் வந்த மனிசனுக்குத் தன்னைத் தொட்டுப் பார்த்தார்கள் என்ற திருப்தி வேண்டும், நெஞ்சில் குழாய் வைத்து ஆறுதலாகப் பாருங்கள். என்ன நினைத்துப் பயந்து வந்தார் என்றும் கேளுங்கள், பாதிப்பேர் 'டெங்குவோ' என்றுதான் வந்திருப்பார்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வரவேண்டும், வயிற்றுக்குத்து, விடாத சத்தி, பல்முரசில் இரத்தம் என்றால் நேரே பெரியாஸ்பத்திரி. இதைத் துண்டில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.