நூதனசாலையில் ஆய்வு உதவியாளராக வேலை செய்வது முதுகலை ஆய்வுக்கு உதவுமா?

கேள்வி: வெளிநாடுகளில் வரலாற்று நூதனசாலைகள் பட்டப்பின் படிப்பு மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆய்வு உதவியாளராக எடுக்கின்றன. யாழ்ப்பாணத்தில் வரலாறு முதுகலை படிக்கும் எனக்கு அப்படி ஏதும் கிடைக்குமா? போனால் என்ன வேலை தருவார்கள்? ஆய்வேட்டுக்கு உதவுமா?

உதவும். கட்டாயம் போங்கள். முதுகலை இரண்டாம் ஆண்டில் நான் மூன்று மாதம் இப்படிப் போயிருந்தேன். வகுப்பில் படித்தது முழுவதும் அங்கேதான் கைக்கு வந்தது.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் போன்ற இடங்களில் இதற்கென்றே திட்டம் இருக்கிறது. பட்டப்பின் மாணவர்களுக்கு 10 வாரம், அதற்கு உதவித்தொகை, தனியாக ஒரு மேற்பார்வையாளர். அங்கே நீண்ட கோடை விடுமுறை இருப்பதால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். நமக்கு வெயில்தான் நீளம், விடுமுறை நீளம் இல்லை. அதனால் அறிவித்தல் வரும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஆய்வேட்டு மேற்பார்வையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு நேரே போய்க் கேளுங்கள். அரச நூதனசாலை என்றால் அனுமதி மேலிடத்திலிருந்து வரவேண்டும், ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்பே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் ‘ஆய்வு செய்ய விரும்புகிறேன்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ‘இந்த இரண்டு அலுமாரியில் உள்ள பொருட்களுக்குப் பட்டியல் எழுதித் தருகிறேன்’ என்று எழுதினால் கதவு திறக்கும்.

எனக்குக் கிடைத்தது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான். இது சரியான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு உழைத்துக் கொடுக்க வேண்டிய பிள்ளைகள் இந்தப் பக்கமே வரமுடியாமல் போகிறது. உங்கள் துறையில் ஒரு சிறு கொடுப்பனவாவது கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். நான் போனது ஓலைச்சுவடி ஆசையில். கையில் தந்தது மட்பாண்ட ஓடுகள் நிறைந்த ஒரு மரப்பெட்டி. பதிவேட்டில் ‘கந்தரோடை, 1971’ என்று இருந்தது. கந்தரோடை என்றதும் எனக்குக் கை பரபரத்தது. அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய குடியிருப்பு; 1917 அளவில் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் தோண்டிப் பார்த்த இடம், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலைக் குழு அகழ்ந்த இடம். என் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்றே நினைத்தேன்.

ஓடுகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுத வேண்டும். நேரடியாக ஓட்டில் எழுதக்கூடாது. பரலோயிட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, அலங்காரம் இல்லாத ஒரு மூலையில் சின்னி விரல் நகம் அளவுக்குப் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் மெல்லிய பேனாவால் எழுதி, இன்னொரு பூச்சு. பிறகு யாராவது அழிக்க நினைத்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சு போதும், ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. வாய் விளிம்புத் துண்டு என்றால் வட்டத்துக்குள் வட்டம் வரைந்த தாளில் அதை நிறுத்தி, எந்த வளைவோடு பொருந்துகிறது என்று பார்ப்போம். இரண்டு விரல் அகலத் துண்டிலிருந்து முழுப் பானையின் வாய் எவ்வளவு என்று தெரிந்துவிடும். முதல்முறை அது பொருந்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஓடுகள் பழைய ஈழநாடு பத்திரிகையில் சுற்றியிருந்தன. நான் ஓடுகளை எடுத்துவிட்டுத் தாள்களைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே முன்பு காவலாளியாக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் வந்துபோகும் ஐயா ஒருவர் பார்த்துவிட்டார்.

“பிள்ளை, அந்தப் பேப்பரை எறியாதேங்கோ. திகதியைப் பாருங்கோ.”

விரித்துப் பார்த்தால் 1978. பதிவேடு 1971 என்கிறது. அப்படியென்றால் 1978இலோ அதற்குப் பிறகோ யாரோ இந்தப் பெட்டியை அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஐயாவிடம் கேட்டேன். கூரை ஒழுகி நாலைந்து பெட்டி நனைந்துபோனதாம், எல்லாவற்றையும் வெளியில் எடுத்துக் காயப்போட்டார்களாம். “எந்த ஓடு எந்தப் பெட்டி எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். திரும்பப் போய்ப் பெட்டியின் அடியைத் துழாவினேன். இரண்டு விதமான கையெழுத்தில் துண்டுச்சீட்டுகள் கிடந்தன. வேறு பெட்டி ஓடுகளும் இதில் கலந்திருக்க வேண்டும்.

அந்தப் பெட்டியிலிருந்த ஓடு எதையும் கந்தரோடைச் சான்றாக நான் பயன்படுத்த முடியவில்லை. என் ஆய்வேட்டு அட்டவணையில் பாதி போயிற்று. அன்று இரவு அழுதேன் என்பதே உண்மை. ஆனால் அந்தத் தாளைப் பார்க்காமல் விட்டிருந்தால், வேறு ஊரின் ஓட்டைக் கந்தரோடை ஓடு என்று அச்சில் ஏற்றியிருப்பேன். எனக்குப் பின்னால் வருபவர்கள் அதையே மேற்கோள் காட்டியிருப்பார்கள்.

ஒரு பொருள் எங்கே, எதன் பக்கத்தில் கிடைத்தது என்பது போனால் பொருளின் வாயே அடைத்துப்போகிறது. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து ஆனைக்கோட்டையில் கண்டெடுத்த முத்திரையை நினைத்துப் பாருங்கள். மேலே குறியீடுகள், கீழே பிராமி என்ற பழைய எழுத்து, அளவில் மிகச் சிறியது. அதை இன்றும் எல்லோரும் பேசுவதற்குக் காரணம் எழுத்து மட்டும் இல்லை. அது பெருங்கற்காலப் பண்பாட்டு (இரும்புக்கால) அடக்கம் ஒன்றில், இறந்த மனிதரோடு கிடைத்தது என்று பதிவு இருக்கிறது. அதே முத்திரை பழைய சாமான் கடையில் கிடைத்திருந்தால் அதைப்பற்றி என்ன பேசியிருப்போம்?

நம் ஊரில் இந்த வேலைக்கு இன்னொரு கனம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின, படி எடுக்காத ஏடுகளும் அவற்றோடு போயின. பிறகு இடப்பெயர்வு, ஷெல், மழை. பெட்டிகள் இடம் மாறின, சீட்டுகள் உதிர்ந்தன. அவற்றைத் தூக்கிவைத்த கைகள் சில இன்னும் நம்மோடு இருக்கின்றன. ஆகவே நூதனசாலைக்குப் போனால் பொருட்களோடு மட்டும் இருந்துவிடாதீர்கள். பழைய ஊழியர்களோடு ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடியுங்கள், அவர்கள் சொல்வதைத் திகதி போட்டு எழுதுங்கள். அந்த ஐயா அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். மற்றப் பெட்டிகளைப் பற்றி நான் கேட்க நினைத்திருந்தவை அப்படியே நின்றுவிட்டன.

கொண்டுபோக வேண்டியது அதிகம் இல்லை. ஒரு கொப்பி, பென்சில் (பொருட்கள் பக்கத்தில் மைப் பேனா வேண்டாம்), பத்து சென்டிமீட்டர் அளவுகோல். படம் எடுக்கும்போது அளவுகோலும் இலக்கமும் படத்துக்குள் இருக்கட்டும். வெளியேறும் நாளில் உங்கள் பட்டியலின் ஒரு பிரதியை அங்கேயே கொடுத்துவிடுங்கள், இன்னொன்றைத் துறையில் வையுங்கள்.

நான் கசக்கிய அந்தத் தாள்களை நீவி, உறையில் போட்டு, பெட்டியின் இலக்கத்தையே எழுதி உள்ளே வைத்துவிட்டுத்தான் வந்தேன்.