டர்போ காருக்கு 95, 100 ஆக்டேன் பெட்ரோல் போடுவது பிரயோஜனமா?

கேள்வி: புதிதாக டர்போ பெட்ரோல் கார் எடுத்திருக்கிறேன். மதுரைக்குள்ளும் வார இறுதியில் கொடைக்கானல், தேனி பக்கமும் ஓட்டுவேன். இந்த மாதிரி காருக்கு விலை கூடின பெட்ரோல்தான் போட வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்:

பங்க்குக்குப் போகும் முன்பு டேங்க் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்ஓஎன் (ஆக்டேன் அளவு) என்று போட்டு பக்கத்தில் ஒரு எண் இருக்கும். ஸ்டிக்கர் இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். அந்த எண் 91 அல்லது 95 என்றால் தினசரி ஓட்டத்துக்கு சாதாரண பெட்ரோலே போதும். 98 என்று இருந்தாலோ, காரை ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது) செய்திருந்தாலோ கதை வேறு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம்ம ஊர் வெயிலும் மலைப்பாதையும் சேரும்போது இதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன.

ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக் பொறி வைப்பதற்கு முன்போ பின்போ தானாகத் தீப்பற்றிவிடாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன். ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து அளக்கிறார்கள். தாக்குப்பிடிக்காமல் சிலிண்டரின் மூலையில் தானாக வெடித்தால் 'டிக் டிக்' என்று உலோகச் சத்தம் வரும். அதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். டர்போ கார்களில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அழுத்தமும் கூடுதல், சூடும் கூடுதல். அதனால்தான் இந்தக் கேள்வியே டர்போ கார் வைத்திருப்பவர்களிடம் அதிகம் எழுகிறது.

இன்றைய கார்களில் எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் ஒன்று பொருத்தியிருக்கும். நாக்கிங் தொடங்கும் அறிகுறி தெரிந்ததும் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி வைக்கும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும். நமக்குச் சத்தம்கூடக் கேட்காது, இழுவை மட்டும் கொஞ்சம் குறையும். எஞ்சின் உடனே கெட்டுப்போகாது. அதே சமயம், நல்ல பெட்ரோல் போட்டால் டைமிங்கை எவ்வளவு தூரம் முன்னுக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கும் ஒரு எல்லையை நிறுவனம் மென்பொருளில் வைத்திருக்கும். 91-க்கு என்று எழுதிய மென்பொருள் உள்ள காரில் 100 ஊற்றினால் அந்த எல்லைக்கு மேல் எதுவும் கிடைக்காது. 98-ஐ மனதில் வைத்து எழுதிய காரில் கிடைக்கும்.

அடுத்தது, 2020-இல் இருந்த நிலைமை இப்போது இல்லை. பிஎஸ் 6 (வாகனப் புகைக் கட்டுப்பாடு) விதி கேட்பது குறைந்தது 91. ஆனால் இப்போது எல்லா இடத்திலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஆக்டேன் இயல்பாகவே அதிகம். அதனால் இந்தக் கலப்பு பெட்ரோல் 95 ஆக்டேன் கொண்டது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்திருந்தது. அப்படியானால் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுத்து, 95 என்று தனியாக விற்கும் பெட்ரோலைப் போடுவதில் ஆக்டேன் கணக்கில் பெரிய லாபம் இல்லை. அதில் மிச்சம் இருப்பது, இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கச் சேர்க்கும் ரசாயனம்தான். அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கார் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வகை என்றால் (இப்போது வரும் டர்போ கார்களில் பல அப்படித்தான்) பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. இன்டேக் வால்வின் (காற்று உள்ளே நுழையும் வால்வு) முதுகைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. ஆகவே வால்வில் படியும் கரியை எந்த விலை பெட்ரோலும் கழுவாது.

100 ஆக்டேன் என்பது தனி ரகம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பர் 1 அன்று எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலை முதல் கட்டமாகப் பத்து நகரங்களில் கொண்டுவந்தது. உத்தரப் பிரதேசத்தில் இருக்கும் மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. அதில் எத்தனால் கிடையாது. விலை லிட்டர் 160 ரூபாயை ஒட்டி இருக்கிறது, சாதாரண பெட்ரோலோ நூற்றுக்குச் சற்று மேல். 45 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். எத்தனால் இல்லாததால் மைலேஜ் கொஞ்சம் கூடும் என்பது சரி. 20 சதவீதக் கலப்பால், பழைய கலப்புக்கு ஏற்ப வடிவமைத்த கார்களில் மைலேஜ் 6 சதவீதம் வரை குறையலாம் என்றுதான் அரசுத் தரப்பே சொன்னது. அந்த 6 சதவீதம் முழுவதும் திரும்பக் கிடைத்தாலும், ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடக் கொடுத்த விலையை அது ஈடுகட்டவே முடியாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சித்திரை, வைகாசியில் மதியம் கோரிப்பாளையம் சிக்னலில் ஏசி போட்டு நின்றுவிட்டு, காளவாசல் தாண்டி பைபாஸில் ஏறி அழுத்திப் பாருங்கள். கார் சோம்பலாக இருக்கும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நின்ற இடத்திலேயே சூடேறிப் போயிருக்கும், உள்ளே போகும் காற்று கொதிக்கும், ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுத்திருக்கும். ஓபிடி கருவி (காரின் கணினித் தகவலைப் படிக்கும் சின்னக் கருவி) மாட்டி ஃபோனில் பார்த்தால் இது எண்ணாகவே தெரியும். நான் பார்த்திருக்கிறேன். என் கார் ஒரு லிட்டர் டர்போ, ஆட்கள் நாலு பேர் ஏறினால் வெயிலில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் ரிங் ரோட்டில் நல்ல வேகம் பிடித்த பிறகு காற்றோட்டம் வந்து தானாகச் சரியாகிவிடும். சமவெளியில் 100 போட்டும் போடாமலும் ஓட்டியதில் எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை.

தெரிந்த இடம் ஒன்று உண்டு. வத்தலக்குண்டு தாண்டி, காமக்காபட்டி செக்போஸ்ட்டுக்கு மேலே ஏறும் முதல் வளைவுகள். அங்கே காற்று இன்னும் சூடுதான், ஏற்றம் செங்குத்து, முன்னால் பஸ், பின்னால் நாலு பேர் லக்கேஜோடு. மூன்றாவது கியரில் 1,500 சுற்றில் வைத்து ஆக்சிலேட்டரை அமுக்கினால் நாக்கிங்குக்கு அதைவிட வசதியான சூழல் கிடையாது. 100 ஊற்றியிருந்தபோது அந்த இடத்தில் இழுவை சீராக இருந்தது, டைமிங்கும் அவ்வளவாகப் பின்வாங்கவில்லை. ஆனால் அதே பலனைக் கியரை இரண்டாவதுக்குக் குறைத்தும் பெறலாம், அதற்குக் காசு கிடையாது. மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துவிடும். சில்வர் அருவிப் பக்கம் வரும்போது ஆக்டேனின் தேவை குறைந்தே இருக்கும். அமெரிக்காவில் மலை மாநிலங்களில் சாதாரண பெட்ரோலையே குறைந்த ஆக்டேனில் விற்கிறார்கள், காரணம் அங்கே காற்று மெலிந்திருப்பது; ஆனால் அது டர்போ இல்லாத பழைய கார்களுக்கு ஏற்ற கணக்கு.

அமெரிக்கா என்றதும் இன்னொன்று. யூடியூபில் அந்த ஊர்க்காரர்கள் '91 பிரீமியம், 87 ரெகுலர்' என்று பேசுவதைக் கேட்டுவிட்டு, நம் 91-ஐ பிரீமியம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அவர்கள் இரண்டு வகை அளவின் சராசரியைப் போடுகிறார்கள். அவர்களுடைய 87 ஏறக்குறைய நம் 91, அவர்களுடைய 91 நம் 95-ஐ ஒட்டி வரும்.

சின்ன டர்போ எஞ்சின்களுக்கு ஆக்டேனைவிட நான் அதிகம் கவலைப்படுவது குறைந்த சுற்றில் வரும் முன்தீப்பற்றல். எல்எஸ்பிஐ என்பார்கள். எண்ணெய்த் துளியோ கரித்துகளோ பொறிக்கு முன்பே தீ மூட்டிவிடும். சாதாரண நாக்கிங்கைவிடப் பல மடங்கு கடுமையானது, பிஸ்டனையே உடைக்கும். இதற்கு 100 ஆக்டேன் மருந்து அல்ல. கையேட்டில் சொன்ன தரத்தில், 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்க எண்ணெய்த் துறை அமைப்பின் தரக்குறி) தர எஞ்சின் ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதும், குறைந்த சுற்றில் காரை அமுக்காமல் இருப்பதும்தான் மருந்து. பெட்ரோலில் மிச்சம் பிடிக்கும் பணத்தை இங்கே போடுங்கள் என்று என்னைக் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பங்க்கைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். விலை கூடின பெட்ரோல் மெதுவாக விற்கிற பங்க்கில் அது தொட்டியில் நாள்கணக்கில் கிடக்கும். வண்டிகள் வரிசைகட்டும் பங்க்கில் சாதாரண பெட்ரோல் புதிதாக இருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். "அண்ணே, பவர் போடவா?" என்று தம்பி கேட்டால், தேவையில்லை என்றால் "நார்மலே போடுப்பா" என்று சொல்லிவிடுங்கள். பார்க்காமல் விட்டால் பில்லில்தான் தெரியும்.

யாருக்கு 100 சரி? 98 பரிந்துரைக்கும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு. எத்தனால் கலப்பைத் தாங்கும் ரப்பர் குழாய்கள் இல்லாத, மாதத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்கும் பழைய கார்களுக்கு. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பொருள்களோடுதான் வருகின்றன. அப்புறம், ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றுவது) செய்தவர்களுக்கு. அவர்களுக்கு இது விருப்பம் அல்ல, கட்டாயம். 97, 100 ஆக்டேனுக்கு என்று டைமிங்கை ஏற்றிய மேப்பில் குறைந்த பெட்ரோல் ஊற்றினால், பாதுகாப்புக்கு இருந்த இடைவெளியை நாமே தின்றுவிட்ட நிலை. எல்லா பங்க்கிலும் 100 கிடைக்காது. அதனால் ராமேஸ்வரம், போடி, மூணாறு என்று நீண்ட பயணம் கிளம்பும் முன், ட்யூனரிடம் (ரீமேப் செய்து கொடுத்தவரிடம்) 95-க்கான மேப்பையும் வாங்கி ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.