உடற்கூறியல், பெயர்கள், ஒரு தழும்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனித உடலைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பல ஆண்டுகள் உடற்கூறியல் கற்பித்தவர் நீங்கள் என்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன். கல்லூரியில் இது எனக்கு முதலாண்டு. உடற்கூறியல் அறிமுகப் பாடம் நடக்கிறது. எலும்புகள், தசைகளின் பெயர்களை இரவெல்லாம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தாலும் மூன்றாம் நாள் எதுவும் நினைவில் நிற்பதில்லை. செய்முறைத் தேர்வில் ஒரு தொடையெலும்பைக் கையில் கொடுத்து, வலதா இடதா என்று கேட்டார்கள். தவறாகச் சொல்லிவிட்டேன்.

அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. எங்கள் மேசையில் கிடத்தப்பட்டிருந்த உடலின் வலப்பக்க அடிவயிற்றில் ஒரு பழைய அறுவைத் தழும்பு இருந்தது. அதைக் கண்டபிறகு என்னால் கத்தியைத் தொட முடியவில்லை. மற்றவர்கள் இயல்பாக வேலையைத் தொடர்ந்தார்கள். இந்தப் படிப்புக்கு நான் தகுதியற்றவளா?

ஒரு முதலாண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தொடையெலும்பிலிருந்தே தொடங்குகிறேன். அதன் பெயரும் அதன் பகுதிகளின் பெயர்களும் அன்று உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். அது உடலுக்குள் எப்படி நிற்கிறது என்பதுதான் தெரியாமல் போயிற்று. உருண்டையான தலை மேலே, இடுப்பெலும்பின் குழியை நோக்கி உட்புறமாகத் திரும்பியிருக்கும். தண்டின் நெடுகில் சொரசொரப்பாக ஓடும் வரம்பு பின்பக்கம் இருக்கும். இந்த இரண்டையும் கவனத்தில் வைத்து, எலும்பை உங்கள் தொடைமீது வைத்துப் பாருங்கள். ஒரு தொடையில்தான் அது பொருந்தும். மற்றதில் வரம்பைப் பின்னால் கொண்டுபோனால் தலை வெளிப்பக்கம் திரும்பிவிடும்; தலையை உட்புறம் திருப்பினால் வரம்பு முன்னால் வந்துவிடும். ஒருமுறை இப்படி வைத்துப் பார்த்தவர் பிறகு வாழ்நாளில் குழம்புவதில்லை.

மாணவர்கள் மறப்பது பெயர்களை என்று பொதுவாக நினைக்கிறோம். நான் கண்டவரை, அவர்கள் இடத்தைக் கற்காமல் பெயரை மட்டும் கற்றிருக்கிறார்கள்; தங்க இடமில்லாத பெயர் மூன்று நாளுக்குமேல் தங்குவதில்லை.

நம்முடைய அன்றாடப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். குதிகாலுக்கு மேலே விறைத்து நிற்பதையும் நரம்பு என்கிறோம். முழங்கை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று பாய்கிறதே, அதையும் நரம்பு என்கிறோம். முதலாவது சிரை, இரண்டாவது தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், மூன்றாவது மட்டுமே உடற்கூறியல் சொல்லும் நரம்பு. இதைத் தமிழின் குறையாக நான் நினைக்கவில்லை. யாழில் கட்டிய தந்திக்கும் நரம்பு என்றே பெயர். முறுக்கேறி நீண்டு கிடப்பவற்றையெல்லாம் அந்தச் சொல் ஏற்றுக்கொண்டது. கிரேக்கத்திலும் இதுவே நடந்தது. நியூரான் என்ற சொல் அங்கே முதலில் தசைநாணையே குறித்தது. கிறிஸ்துவுக்கு முன் 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் ஹெரோஃபிலஸ் போன்ற மருத்துவர்கள் மனித உடல்களை அறுத்துப் பார்த்து, அந்த இழை எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்து சென்றபோதுதான் உணர்வையும் இயக்கத்தையும் கடத்தும் நரம்பு தனிப்பொருளாகப் பிரிந்தது. விரிப்புப்போலத் தட்டையாக இருக்கும் தசைநாணை இன்றும் அப்போநியூரோசிஸ் என்றே சொல்கிறோம்; சொல்லின் பழைய பொருள் அந்தப் பெயருக்குள் அப்படியே கிடக்கிறது.

மேசையிலும் இதே குழப்பம் உங்களுக்கு வரும். பாடநூலின் படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பதப்படுத்திய உடலில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மங்கல் நிறம். அங்கே கண்ணைவிட விரல் உதவும். தமனியின் சுவர் தடித்தது; அழுத்தி விட்டாலும் குழாய் வடிவம் மீளும். சிரையின் சுவர் மெல்லியது. தட்டையாக ஒட்டிக் கிடக்கும். நரம்பின் நடுவே துளை கிடையாது. உருட்டினால் கெட்டியான கயிறுபோல இருக்கும்.

உங்கள் உடல் எப்போதும் உங்களிடம் இருக்கிறது, தேர்வு அறையிலும் இருக்கிறது. கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துக்கொண்டு மணிக்கட்டைச் சற்றே உள்நோக்கி மடக்குங்கள். நடுவில் ஒரு நாண் தோலைத் தூக்கிக்கொண்டு எழுந்தால், அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். கட்டைவிரலுக்கும் அதையடுத்த விரல்களுக்கும் உணர்வு தரும் மீடியன் நரம்பு அதற்கு அடியிலேயே போகிறது. உள்ளங்கையை நோக்கிச் சற்று மேற்கொண்டு சென்றால் விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களோடு சேர்ந்து மணிக்கட்டின் குறுகிய சுரங்கத்துக்குள் அது நுழைகிறது. அந்தச் சுரங்கத்தில் வீக்கம் வந்தால் சுண்டுவிரலை விட்டுவிட்டுக் கட்டைவிரலும் அதையடுத்த விரல்களும் ஏன் மரத்துப்போகின்றன என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவேளை நாண் எழவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். அந்தத் தசை பலருக்கு இருப்பதில்லை. ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாதவர்களும் உண்டு. கை வலுவில் அதனால் குறை தெரிவதில்லை என்பதால்தான், வேறிடத்தில் நாண் அறுந்துபோனவர்களுக்கு ஒட்டுவதற்கு இதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

புத்தகத்துக்கும் உடலுக்கும் உள்ள இந்த இடைவெளியை நான் சிறியதாக எண்ணுவதில்லை. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் பெரிய மருத்துவர், கூர்மையான பார்வை உடையவர். ஆனால் அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் குரங்கும் பன்றியும் மாடும்தான். அதனால் மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றும் மார்பெலும்பு ஏழு பகுதிகள் கொண்டது என்றும் எழுதினார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதையே படித்தார்கள். பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து நூலை வாசிப்பார், கீழே நாவிதர் உடலை அறுப்பார், மாணவர்கள் காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதாக நம்புவார்கள். இத்தாலியின் பாதுவாவில் கற்பித்த வெசேலியஸ் கத்தியைத் தன் கையில் எடுத்தார். தாடை எலும்பு ஒன்றுதான், மார்பெலும்பின் பகுதிகள் மூன்றுதான் என்று அவர் தன் பெருநூலில் படங்களோடு வெளியிட்ட 1543-இல் அவருக்கு வயது 28.

இடத்தோடு காரணமும் சேர்ந்துவிட்டால் பெயர் இன்னும் ஆழமாகப் பதியும். குரல்வளைக்குப் போகும் இடப்பக்க மீள்நரம்பைப் பாருங்கள். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளை அது. கழுத்திலேயே பிரிந்து குரல்வளைக்குப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவை அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடி கழுத்துக்கு ஏறி வருகிறது. கருவில் இதயமும் அதன் பெருங்குழாய்களும் கழுத்துக்கு அருகே உருவாகி, பிறகு மார்புக்குள் இறங்குகின்றன. இறங்கும்போது தமக்குக் கீழாகச் சென்ற நரம்பையும் இழுத்துக்கொண்டு போகின்றன. மார்புக்குள் வளரும் ஒரு கட்டி குரலைக் கம்மச்செய்வது இதனால்தான். இதைப் புரிந்துகொண்ட எந்த மாணவரும் அந்த நரம்பின் பெயரை என்னிடம் மறந்து நின்றதில்லை.

ஆகவே பட்டியல்களை மூடி வைத்துவிட்டு வெற்றுத்தாளில் வரையுங்கள். பார்த்து வரைய வேண்டாம். நினைவிலிருந்து வரைந்து, புத்தகத்தைத் திறந்து திருத்தி, மறுநாள் புதிய தாளில் மறுபடி வரையுங்கள். என் வகுப்புகளில் நன்கு தேறியவர்கள் அழகாக வரைந்தவர்கள் அல்லர்; தயங்காமல் தவறாக வரைந்து, தவறிய இடத்தைக் கண்டு திருத்தியவர்கள்தான்.

இனி அந்தத் தழும்பு. உங்களுக்குக் கை ஓடாமல் போனதை நான் தகுதிக்குறைவாகக் கருதவில்லை. அந்த உடல் ஒருவர் வாழ்ந்த உடல் என்பது உங்களுக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. அது தெரிந்தவர்கள்தான் நாளை நோயாளியைத் தொட வேண்டும். ஆனால் தழும்பைக் கண்டு பின்வாங்கியதோடு நிறுத்திவிடாதீர்கள், அருகே போய்ப் பாருங்கள். நீங்கள் சொல்லும் இடத்தில் இருப்பதால் அது பெரும்பாலும் குடல்வாலை நீக்கிய அறுவையின் தழும்பு. வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனையில் ஒரு விரலையும் தொப்புளில் ஒரு விரலையும் வையுங்கள். இரண்டையும் இணைக்கும் கோட்டில், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில் உள்ள புள்ளியைத் தழும்பு தொடுகிறதா என்று பாருங்கள். 1889-இல் மக்பர்னி என்ற அறுவை மருத்துவர் குறித்துச் சொன்ன இடம் அது. அங்கே வயிற்றுச்சுவரின் மூன்று தசை அடுக்குகளும் வெவ்வேறு திசைகளில் ஓடுகின்றன. அவற்றை அறுக்காமல் ஒவ்வொன்றையும் அதன் இழை ஓடும் திசையிலேயே விலக்கி உள்ளே போவது அவர் காட்டிய முறை. உங்களைப்போல என்றோ முதலாண்டில் உட்கார்ந்து அந்த அடுக்குகளைக் கற்ற ஒருவர்தான் இந்த மனிதரை அன்று பிழைக்க வைத்திருக்கிறார்.

வயிற்றைத் திறக்கும் நாளில் நீங்களே முன்னால் நில்லுங்கள். பெருங்குடலின் மேல் மூன்று நாடாக்கள் ஓடுவதைக் காண்பீர்கள். வலப்பக்கத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி விரலை நகர்த்துங்கள். மூன்றும் ஒன்றுகூடும் இடம்தான் குடல்வாலின் அடி. அங்கே குடல்வால் இருக்காது; என்றோ தைத்து மூடிய இடத்தின் சிறு தடிப்பு மட்டும் விரலில் தட்டுப்படும். அதை உடன்படிப்பவர்களுக்கும் தொட்டுக் காட்டுங்கள்.

அன்புடன்